களப்பணியாளரும் ஆசிரியரும் நிரல் எழுதக் கற்கலாமா?

ஒன்றிய அலுவலகத்தில் மாத முடிவில் மழைப் பதிவேடு தொகுக்கப்படுகிறது. பள்ளியில் பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் தயாராகிறது. இரண்டின் அடியிலும் ஒருவர் கையெழுத்திடுகிறார். முற்காலத்தில் அவர் போட்ட கணக்கு தாளின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். ஐயம் எழுந்தால் எவரும் அதைத் திரும்பக் கூட்டிப் பார்க்கலாம். இன்று அந்தக் கணக்கைப் பெரும்பாலும் கணிப்பொறி செய்துவிடுகிறது. கூட்டல் விரைவாக நடக்கிறது. தாளும் தூய்மையாக அச்சாகிறது. ஆயினும் எந்த விதியைக் கொண்டு அந்த விடை கிடைத்தது என்று கேட்டால், கையெழுத்திட்டவரால் பல சமயங்களில் பதில் கூற இயலுவதில்லை. பிழை நேர்ந்தால் பொறுப்பு யந்திரத்தைச் சாராது, கையெழுத்திட்டவரையே சாரும்.

இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்று, மேசைக் கணிப்பொறிக்கான சிறு நிரல்களை எழுதும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தாமே பயில்வதாகும். இதற்குக் கல்லூரிப் பட்டமோ உயர்கணிதமோ தேவையில்லை. தொடக்க நிலையினருக்கென எழுதப்பட்ட எளிய நூல் ஒன்று, சாதாரண மேசைக் கணிப்பொறி ஒன்று, தினமும் ஒரு மணி நேர ஓய்வு ஆகியவை இருந்தால் தொடங்கலாம். ஆனால் எத்தகைய நூலைத் தேர்ந்தெடுப்பது, அதை எவ்வாறு பயில்வது, எந்த இடத்தில் அதை மூடிவைத்துவிட்டுச் சொந்தப் பதிவேட்டைக் கையில் எடுப்பது என்பவற்றில் தெளிவு வேண்டும். அத்தெளிவு இல்லாதவர் முதல் சில அத்தியாயங்களுடனேயே முயற்சியைக் கைவிட நேரிடும்.

தேவை உண்டா?

ஆயத்த நிரல்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன, விரிதாள்களும் உள்ளன, கேட்ட மாத்திரத்தில் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. இந்நிலையில் ஆசிரியரும் களப்பணியாளரும் நிரல் எழுதப் பயில்வது வீண் உழைப்பாகாதா என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வி நியாயமானதே.

இதற்கு விடை பதிவேட்டிலேயே உள்ளது. மழைமானியில் காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையைக் குறிக்கும். அது அளவெடுத்த நாளின் தேதியிலேயே பதியப்படும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பதிவான நாளே மழைநாள் எனப்படும். இவற்றைக் களத்தில் இருப்பவர் அறிவார். தொலைவிலுள்ள நகரத்தில் அமர்ந்து நிரல் எழுதுபவர் இவற்றை அறிந்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவியும் கேட்டதற்கு விடையளிக்குமேயன்றி, கேட்க மறந்ததைத் தானாக நினைவூட்டும் என்று நம்பியிருத்தல் கூடாது. அது எழுதித் தந்த நிரலைச் சரிபார்ப்பதற்கேனும் நிரலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலும், இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் சிற்றூர்களில், மேசைக் கணிப்பொறியிலேயே தங்கி, இணைப்பின்றி இயங்கும் சிறு நிரலுக்குத் தனி மதிப்பு உண்டு. மாணவர் விவரமும் விவசாயியின் விவரமும் அலுவலகத்தை விட்டு வெளியே செல்லாமல் இருப்பதும் அதனால் கிடைக்கும் நன்மையாகும்.

எளிய மொழிகள் தோன்றிய விதம்

தொழில்முறை வல்லுநர் அல்லாதாரும் கணிப்பொறியை இயக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவிலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஜான் கெமினி, தாமஸ் கர்ட்ஸ் ஆகிய இருவரும், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கற்கும்படி ‘பேஸிக்’ என்னும் மொழியை அமைத்தனர். அம்மொழியின் முதல் நிரல் 1964 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் நாள் இயங்கிற்று. இந்தியாவில் 1984-85 இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்புவதற்கென மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வழங்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளிலும் பேஸிக் மொழியின் ஒரு வகையே அமைந்திருந்தது.

1991 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘விஷுவல் பேஸிக்’ மற்றொரு வாயிலைத் திறந்தது. சாளரத்தையும் பொத்தானையும் எழுதும் பெட்டியையும் மவுஸால் இழுத்து வைத்து, ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சில வரிகளில் எழுதினால் போதும் என்ற நிலை ஏற்பட்டது. கணக்கரும் ஆசிரியரும் சிறு வணிகரும் எளிய நூல்களின் துணையால் தத்தமக்கு வேண்டிய நிரல்களைச் செய்துகொண்டனர். அம்மொழியின் 6 ஆம் பதிப்பு 1998 இல் வெளிவந்தது. அப்பதிப்பில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை அந்நிறுவனம் 2008 இல் நிறுத்திக்கொண்டது.

இவ்வரலாற்றிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு நூல் கற்பிக்கும் மொழி காலப்போக்கில் வழக்கொழியலாம். ஆனால் ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து எழுதும் பழக்கம் ஒருமுறை கைவந்தால் மறைவதில்லை. விஷுவல் பேஸிக் பயின்றவர் வேறு மொழிக்கு மாறும்போது, சொற்களைப் புதிதாகக் கற்க வேண்டுமேயன்றிச் சிந்திக்கும் முறையைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

தற்போது தொடக்க நிலையினருக்கு ஏற்ற மொழிகளுள் பைத்தான் முன்னணியில் நிற்கிறது. கைடோ வான் ரோசம் என்பார் 1991 இல் வெளியிட்ட இம்மொழி விலையின்றிக் கிடைக்கிறது. சாளரம், பொத்தான் முதலியவற்றை அமைப்பதற்குரிய ‘டிகிண்டர்’ என்னும் பகுதி விண்டோஸ் கணிப்பொறிகளில் அத்துடனேயே நிறுவப்படுகிறது. லினக்ஸ் வகைகள் சிலவற்றில் மட்டும் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றுள்ளது. அந்நூல் தமிழிலும் உண்டு. ஆகவே அடிப்படையைத் தாய்மொழியிலேயே பயில விரும்புவோர் அதிலிருந்து தொடங்கிப் பின்னர் சாளர நிரல்களைக் கற்பிக்கும் நூலுக்குச் செல்லலாம்.

நூலை வாங்குமுன் அது எப்பதிப்பு மொழிக்கு எழுதப்பட்டது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பைத்தான் மொழியின் 3 ஆம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது; 2 ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் நாளுடன் முடிவுற்றது. பழைய பதிப்புக்கு எழுதப்பட்ட நூல்கள் நூலக அலமாரிகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இன்னும் இருக்கக்கூடும். அத்தகைய நூலின் முதற்பக்க நிரலே புதிய பதிப்பில் இயங்காது. ஐந்தை இரண்டால் வகுத்தால் பழைய பதிப்பில் 2 என்றும் புதிய பதிப்பில் 2.5 என்றும் விடை வரும். டிகிண்டர் என்ற பெயரையே பழைய பதிப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியும், புதிய பதிப்பில் சிறிய எழுத்தில் தொடங்கியும் எழுத வேண்டும். இதை அறியாதவர், நூலில் உள்ளபடியே எழுதியும் பிழை வருவதைக் கண்டு, தமக்கு அறிவு போதாது என்று எண்ணிச் சோர்ந்துவிடுவார். குறை அவருடையதன்று, நூலின் வயதுடையது.

நூலின் தகுதியை அறிய இன்னொரு சோதனையும் உண்டு. நூலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு படித்து முடித்ததும், ஒரு சாளரம், இரண்டு எழுதும் பெட்டிகள், ஒரு பொத்தான் கொண்ட உபயோகமான சிறு நிரல் ஒன்றை வாசகர் தாமே செய்ய இயலுமா என்று பார்க்க வேண்டும். இயலுமாயின் அது நல்ல தொடக்க நூல். இருநூறு பக்கங்கள் வரை இலக்கணம் மட்டுமே கூறும் நூல், எத்துணைச் சிறந்ததாயினும், முதல் நூலாகக் கொள்ளத்தக்கதன்று.

கையால் எழுதிப் பயிலுதல்

நிரலாக்க நூலைக் கதை நூல் போலப் படித்துச் செல்வதால் பயனில்லை. ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் தாமே விசைப்பலகையில் எழுதி இயக்க வேண்டும். பிறகு அதில் ஏதேனும் ஒன்றை மாற்றி, விளைவு என்னவாகும் என முன்கூட்டியே ஊகித்து, மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். ஊகமும் விளைவும் மாறுபடும் இடமே பாடம். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும்; அதன் கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கம் நலம் தரும். பிழையின் வகையும் காரணமும் பெரும்பாலும் அவ்வரியிலேயே இருக்கும். எந்த வரியில் அது எழுந்தது என்பதை அதற்கு மேலுள்ள பகுதி காட்டும்.

தொடக்க நிலையினர் பலரும் இடறும் இடங்கள் சிலவற்றை முன்னரே அறிந்திருத்தல் நன்று. முதலாவது, எழுதும் பெட்டியில் பயனர் எழுதுவது எண்ணாகத் தோன்றினும், நிரல் அதை எழுத்துக்களின் கோவையாகவே பெறுகிறது. முதல் நாள் மழை 12, மறுநாள் மழை 5 என எழுதிக் கூட்டச் சொன்னால் 17 வராது. இரண்டையும் ஒட்டி 125 என்று வரும். கூட்டுவதற்கு முன் எழுத்தை எண்ணாக மாற்றும்படி நிரலில் கூற வேண்டும்.

இரண்டாவது, நூலின் முற்பகுதியில் வரும் நிரல்கள் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடி முடிந்துவிடும். சாளர நிரல் அவ்வாறன்று. அது திறந்து வைத்த அஞ்சலகக் கவுண்டர் போலக் காத்திருக்கும். எவர் வந்து எப்பொத்தானை அழுத்துகிறாரோ அதற்கேற்ற செயற்கூறு அப்போது இயங்கும். வரிசையைத் தீர்மானிப்பவர் நிரலை எழுதியவர் அல்லர், அதை உபயோகிப்பவர். இம்மாறுதலை உணர்வதே மேசைக் கணிப்பொறி நிரலாக்கத்தின் திறவுகோலாகும். பொத்தானுக்குரிய செயற்கூற்றின் பெயரை மட்டும் தரவேண்டிய இடத்தில், பெயருக்குப் பின் அடைப்புக்குறிகளையும் சேர்த்துவிட்டால், சாளரம் திறக்கும்போதே அச்செயல் நடந்து முடிந்துவிடும். பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நிகழாது. பெயரை மட்டும் எழுதுவது ‘அழுத்தும்போது இதைச் செய்’ என்று சொல்லிவைப்பதாகும். அடைப்புக்குறியுடன் எழுதுவது ‘இப்பொழுதே செய்’ என்று கட்டளையிடுவதாகும்.

மூன்றாவது, தாம் எழுதிய கோப்புக்கு, மொழியிலுள்ள பகுதி ஒன்றின் பெயரையே சூட்டிவிடுவது. டிகிண்டர் பயில்பவர் தம் கோப்புக்கும் அப்பெயரையே இட்டால், மொழி தன்னுடைய பகுதியை விட்டுவிட்டு அவருடைய கோப்பையே எடுத்துக்கொண்டு தடுமாறும். கோப்புக்கு வேறு பெயர் இட்டால் தொல்லை தீரும்.

பதிவேட்டைக் கையில் எடுத்தல்

நூலில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் அதைச் சில நாட்கள் மூடிவைக்க வேண்டும். மழைப் பதிவேட்டையோ மதிப்பெண் பட்டியலையோ எடுத்து, அதன் ஒரே ஒரு பக்கத்துக்கு நிரல் எழுத முனைய வேண்டும். நூலாசிரியர் எண்ணிப் பார்த்திராத வினாக்கள் அங்கேதான் தோன்றும்.

மழைநாட்களை எண்ணும் நிரலில் ‘2.5க்கு மேல்’ என்று எழுதிவிட்டால், சரியாக 2.5 மில்லிமீட்டர் பெய்த நாள் விடுபட்டுப் போகும், ‘2.5 அல்லது அதற்கு மேல்’ என்றே எழுத வேண்டும். ஒரு குறியளவு வேறுபாட்டில் ஒரு மழைநாள் மறைந்துவிடுகிறது. அடுத்து, இரண்டு நாட்கள் அளவெடுக்காமல் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் என் செய்வது? வெறும் கட்டத்தை எண்ணாக மாற்ற முயன்றால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அவசரக்காரர் வெறும் கட்டத்தைச் சுழியம் எனக் கொள்ளும்படி ஒரு வரி சேர்ப்பார். நிரலும் தடையின்றி ஓடும். ஆனால் மழை பெய்யாத நாளும் அளவெடுக்காத நாளும் ஒன்றல்ல. அந்த ஒரு வரியால், அறியப்படாத நாள் வறண்ட நாளாகிப் பட்டியலில் ஏறிவிடுகிறது. மாத மொத்தம் குறைகிறது. அதைக் கொண்டு வறட்சி, விதைப்பு, நிவாரணம் ஆகியன பற்றி முடிவெடுப்போர் பொய்யான எண்ணை நம்ப நேரிடுகிறது. பிழை காட்டி நின்ற நிரலே நேர்மையான நிரல். அது கேட்ட கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் பதிவேட்டை அறிந்தவர்.

மதிப்பெண் பட்டியலில் நேரக்கூடியது இதனினும் நுண்ணியது. ஒரு மாணவி இரு தேர்வுகளில் 34, 35 என்று பெறுகிறாள். சராசரி 34.5. பள்ளியில் கற்பிக்கப்படும் முறைப்படி அரை என்பது மேலெண்ணாகக் கொள்ளப்படும், எனவே 35. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணும் அதுவே. ஆனால் பைத்தான் மொழியின் 3 ஆம் பதிப்பில் முழுமையாக்கும் கட்டளையிடம் 34.5 ஐத் தந்தால் 34 என்று விடை கூறும். அது கோளாறு அன்று. சரியாக அரையில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணாக்குவது அதன் விதி, 35.5 என்பது 36 ஆகும், 34.5 என்பது 34 ஆகும். பல்லாயிரம் எண்களைக் கூட்டும்போது விடை மேல்நோக்கிச் சாயாதிருப்பதற்காகப் புள்ளியியலார் ஏற்ற நல்ல விதியே அது. விஷுவல் பேஸிக்கின் முழுமையாக்கும் கட்டளையும் அவ்விதியையே பின்பற்றியது. விரிதாளின் கட்டளையோ 35 என்று கூறும். தேர்ச்சி எண் 33 ஆக உள்ள இடத்திலும் இத்தொல்லை உண்டு, 32.5 என்பது 32 ஆகிவிடும்.

ஒரே மாணவி ஒரு யந்திரத்தில் தேர்ச்சி பெறுகிறாள், மற்றொன்றில் தவறுகிறாள். இரண்டும் கணக்கில் பிழை செய்யவில்லை. எவ்விதி பள்ளிக்குரியது என்பதை முடிவு செய்து நிரலில் எழுத வேண்டியது ஆசிரியரின் கடமை. இவ்விடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே நிரல் எழுதிப் பழகாதவர் அறிய வாய்ப்பில்லை. கட்டளையை இயக்கி, தெரிந்த விடையுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமுடையவர் முதல் நாளிலேயே கண்டுகொள்வார்.

தமிழ் எழுத்தும் நிரலும்

பெயர்களைத் தமிழில் பதிய விரும்புவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். 1991 இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பைத்தான் 3 ஆம் பதிப்பு தமிழ் எழுத்தை நன்கு ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்னவென்று கேட்டால் 3 என்று கூறாமல் 5 என்று கூறும். மகரத்தின் மீதேறிய இகரக் குறியையும் ழகரத்தின் மீதுள்ள புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. பெயரை இத்தனை எழுத்துக்குள் அடக்க வேண்டும் என்று நிரலில் விதித்தால், தமிழ்ப் பெயர்கள் நடுவே வெட்டுப்படும். ஆங்கில நூல் இதனை எடுத்துரைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழில் நிரலாக்க நூல் எழுதுவோர் மொழிபெயர்ப்போடு நில்லாமல், மழைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், விதை முளைப்புச் சோதனை போன்ற எடுத்துக்காட்டுகளையும் இத்தகைய எழுத்துச் சிக்கல்களையும் சேர்த்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

புதிதாக எழுதிய நிரலை உடனே பதிவேட்டுக்கு மாற்றாகக் கொள்ளுதல் தகாது. குறைந்தது மூன்று மாதங்களேனும் கைக்கணக்கையும் நிரலின் விடையையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். பயிற்சிக் காலத்தில் மாணவரின் உண்மைப் பெயர்களை உபயோகிக்காமல் கற்பனைப் பெயர்களை உபயோகித்தல் முறை. விவரங்களைச் சேமிக்க, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஏற்றது. அதை இயக்கும் பகுதி பைத்தானுடனேயே வருகிறது. அக்கோப்பின் நகலை வேறோர் இடத்திலும் வைத்தல் வேண்டும். அரசு விதித்துள்ள நிரல்களில் பதிய வேண்டியவற்றை அங்கேயே பதிய வேண்டும். சொந்த நிரல் அவற்றைச் சரிபார்க்க உதவுமேயன்றி அவற்றின் இடத்தைப் பிடிக்கலாகாது. பணியிட மாறுதல் பெறுபவர், தம் நிரல் எவ்விதிகளைப் பின்பற்றுகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். அப்பக்கம் இல்லாத நிரல், ஓரக் கணக்கு இல்லாத பட்டியலையே ஒக்கும்.

களப்பணியாளர் பயிற்சி நிலையங்களும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் இதில் உதவ முடியும். ஆயத்த நிரலில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்பிப்பதோடு நில்லாமல், ஒரு நூலைத் தேர்ந்து, நான்கைந்து பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை கூடிப் பயில நேரமும் ஒரு கணிப்பொறியும் ஒதுக்கினால் போதுமானது. அனைவரும் நிரலாளர் ஆக வேண்டியதில்லை. ஓர் அலுவலகத்தில் ஒருவர், ஒரு பள்ளியில் ஒருவர், தாம் கையெழுத்திடும் எண் எவ்வாறு பிறந்தது என்பதை வரி வரியாகக் கூற வல்லவராயின், அந்த 34.5 சரியான முறையில் தீர்க்கப்படும். அளவெடுக்காத நாளும் வறண்ட நாளாக மாறாது.